கட்டியைத் தேடிப்போய் மருந்து கொடுக்கும் 'டிஎன்ஏ பெட்டி': கீமோவுக்கு மாற்றா? எப்போது வரும்? முழு விளக்கம்

கீழக்கரையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒருமுறை 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போய் கீமோதெரபி ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். முடி கொட்டிவிட்டது, வாயெல்லாம் புண், சாப்பாடு இறங்கவில்லை. துபாயில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார். "டிஎன்ஏ ரோபோ கண்டுபிடிச்சுட்டாங்களாம். கட்டியை மட்டும் அழிக்குமாம். உம்மாவுக்கு இனிமே கீமோ வேணுமா?"

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோவில் வருவது முழுப் பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. டிஎன்ஏவை மடித்துப் பெட்டி செய்வது நிஜம். அதில் மருந்தை ஏற்றி எலிகளின் கட்டியைச் சுருக்கியதும் நிஜம். மீதிக் கதை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• டிஎன்ஏ இழைகளை மடித்து, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய பெட்டிகள், குழாய்கள் செய்ய முடியும்.
• புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டதும் திறக்கும் பூட்டை அதில் வைக்கலாம்.
• எலிகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மனிதர்களுக்கான சிகிச்சையாக இன்னும் அனுமதி பெறவில்லை.
• இந்தத் துறையின் முன்னணி விஞ்ஞானிகளில் ஒருவரான யமுனா கிருஷ்ணன் சென்னையில் படித்தவர்.
• இந்தச் செய்தியை நம்பி நடப்பில் உள்ள சிகிச்சையை நிறுத்துவது ஆபத்து.

கீமோவில் என்னதான் பிரச்சினை?

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும், அதனால் அது சாகிறது. ஆனால் நம் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் இருக்கின்றன. முடியின் வேர், வாயின் உள்தோல், குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை எல்லாமே அப்படித்தான். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும், வாந்தியும், ரத்த வெள்ளணுக்கள் குறைவதும்.

ஒரு உதாரணம், டாக்சோரூபிசின். மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மருந்து. நிறத்தை வைத்து 'சிவப்பு ஊசி' என்று நோயாளிகள் சொல்வார்கள். நல்ல பலன் தரும் மருந்துதான். ஆனால் மொத்த அளவு கூடக்கூட இதயத்தைப் பாதிக்கலாம். அதனால்தான் இதை ஆரம்பிக்கும் முன் டாக்டர்கள் எக்கோ எடுத்துவரச் சொல்கிறார்கள்.

ஆக, மருந்து பலவீனமானது என்பதல்ல பிரச்சினை. அது போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடுகிறது. மருந்தைப் பொட்டலம் கட்டி, கட்டிக்குள் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று செய்ய முடிந்தால்? இந்த ஒரு கேள்விதான் முழு ஆராய்ச்சிக்கும் ஆரம்பம்.

இதில் ஒரு படி ஏற்கெனவே தாண்டப்பட்டுவிட்டது. டாக்சோரூபிசினைக் கொழுப்பால் ஆன மிக நுண்ணிய உருண்டைக்குள் அடைத்த 'லைப்போசோமல்' மருந்துக்கு 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்கின்றன. இதயப் பாதிப்பை அது குறைக்கிறது. ஆனால் கொழுப்பு உருண்டைக்கு வடிவமும் பூட்டும் நினைத்தபடி வைப்பது கடினம். அங்கேதான் டிஎன்ஏ உள்ளே வருகிறது.

டிஎன்ஏவை வைத்துப் பெட்டி செய்வது எப்படி?

டிஎன்ஏ என்றதும் அப்பா-அம்மாவிடமிருந்து வரும் மரபணுதான் நினைவுக்கு வரும். இங்கே மரபணு வேலை எதுவும் இல்லை. டிஎன்ஏவை வெறும் கட்டுமானப் பொருளாக, நூல் மாதிரிப் பயன்படுத்துகிறார்கள்.

டிஎன்ஏவில் 4 எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. ஏ எப்போதும் டி-யோடு சேரும், ஜி எப்போதும் சி-யோடு சேரும். எந்த எழுத்தை எங்கே வைத்தால் எந்த நூல் எந்த நூலோடு ஒட்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். இவ்வளவு துல்லியமாகச் சொன்னபடி கேட்கும் கட்டுமானப் பொருள் வேறு கிடைப்பது அரிது.

இதை முதலில் யோசித்தவர் அமெரிக்க விஞ்ஞானி நேட்ரியன் சீமன். 1982-ல் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதினார். 1991-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவரது குழு டிஎன்ஏவால் ஒரு கனசதுரத்தையே செய்து காட்டியது.

பெரிய திருப்பம் 2006-ல் வந்தது. கால்டெக் நிறுவனத்தின் பால் ராத்மண்ட், ஒரு வைரஸின் நீளமான ஒற்றை டிஎன்ஏ இழையை எடுத்துக்கொண்டார். அதில் 7,000-க்கும் அதிகமான எழுத்துகள். 200-க்கும் மேற்பட்ட குட்டி இழைகளை அதோடு கலந்தார். குட்டி இழைகள் ஒவ்வொன்றும் ஸ்டேப்ளர் பின் மாதிரி, நீள இழையின் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் உப்புக் கரைசலில் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் போதும், இழை தானாக மடிந்து நினைத்த வடிவத்துக்கு வந்துவிடும். சிரிக்கும் முகத்தைக்கூட இப்படிச் செய்து காட்டினார். காகிதத்தை மடித்துப் பொம்மை செய்யும் ஜப்பானியக் கலையின் பெயரில் இதற்கு 'டிஎன்ஏ ஓரிகாமி' என்று பெயர்.

அளவு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 30 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்.

பூட்டும் சாவியும்: சிப்பி மாதிரி, ஆனால் தலைகீழ்

கீழக்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முத்து வியாபாரத்தில் பெயர் வாங்கிய ஊர். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிக்கு இரண்டு ஓடுகள், நடுவில் ஒரு கீல். தண்ணீரில் திறந்து இருக்கும், ஏதாவது உரசினால் டக்கென்று மூடிக்கொள்ளும்.

டிஎன்ஏ பெட்டி இதற்கு நேர்மாறு. எப்போதும் மூடியே இருக்கும். சரியான செல்லைத் தொட்டால் மட்டும் திறக்கும்.

2009-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு மூடி வைத்த டிஎன்ஏ பெட்டியைச் செய்தது. சரியான 'சாவி' டிஎன்ஏ இழையைப் போட்டால் மூடி திறந்தது. 2012-ல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் ஷான் டக்ளஸ், இடோ பாச்சலே, ஜார்ஜ் சர்ச் ஆகியோர் அடுத்த படிக்குப் போனார்கள். அறுகோணப் பீப்பாய் வடிவம், இரண்டு பாதிகள், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இரண்டு பூட்டுகள். பார்த்தால் சிப்பியேதான். குறிப்பிட்ட செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத்தைத் தொட்டதும் பூட்டு விட்டுக்கொடுத்தது, உள்ளே இருந்த பொருள் வெளியே தெரிந்தது. ரத்தப் புற்றுநோய் செல்களில் அது வேலை செய்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது ஆய்வகத் தட்டில், உடம்புக்குள் அல்ல.

'நானோ ரோபோ' என்ற பெயர் பரவியது இதற்குப் பிறகுதான். உள்ளே மோட்டாரோ சிப்போ கிடையாது. ரத்தத்தில் மிதந்து போகும், பொருந்துகிற செல்லில் ஒட்டும், திறக்கும். அவ்வளவுதான்.

மருந்தை எப்படி ஏற்றுகிறார்கள்?

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வெவ்வேறு வழிகளை முயன்றிருக்கிறார்கள்.

முதல் வழி: டிஎன்ஏவுக்குள்ளேயே செருகுவது. டாக்சோரூபிசின் மூலக்கூறு தட்டையானது. டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு இடையில் தானாகவே போய்ச் செருகிக்கொள்ளும். 2012-ல் சீன விஞ்ஞானிகள் இப்படி ஏற்றிய டிஎன்ஏ வடிவங்களை, அந்த மருந்துக்கு மசியாத மார்பகப் புற்றுநோய் செல்களுக்குள் கொண்டுபோய், அவற்றைக் கொல்ல முடிந்தது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள்.

இரண்டாவது வழி: கட்டிக்கு ரத்தம் போகும் பாதையை அடைப்பது. 2018-ல் பெய்ஜிங்கின் தேசிய நானோ அறிவியல் மையமும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது இது. டிஎன்ஏ தாளைப் பாய் மாதிரிச் சுருட்டி, உள்ளே திராம்பின் என்ற ரத்தம் உறைய வைக்கும் புரதத்தை மறைத்தார்கள். கட்டியின் ரத்தக்குழாயில் உள்ள ஒரு புரதத்தைத் தொட்டதும் பாய் விரியும், அங்கே ரத்தம் உறையும், கட்டி பட்டினியில் சாகும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எலிகளில் பாதி உயிரோடு இருந்த காலம் 20.5 நாளில் இருந்து 45 நாளாக உயர்ந்தது.

மூன்றாவது வழி: செல்லுக்குச் 'சாவு உத்தரவு' கொடுப்பது. 2024 ஜூலையில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பல வீடியோக்களுக்கு இதுவே மூலம். 6 சிறிய புரதத் துண்டுகளை அறுகோணமாக அடுக்கி, டிஎன்ஏ வடிவத்தின் குழிக்குள் ஒளித்து வைத்தார்கள். செல்லின் மேல் உள்ள ஏற்பிகளை அந்த அறுகோணம் ஒன்றுசேர்த்தால் செல் தற்கொலை செய்துகொள்ளும். நல்ல செல்லுக்கு இது நடக்கக் கூடாதே? அதற்கும் ஏற்பாடு உண்டு. சாதாரண ரத்தத்தின் பிஹெச் 7.4. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் புளிப்பு, சுமார் 6.5. அந்தப் புளிப்பில்தான் குழி திறக்கும். மார்பகப் புற்றுநோய் எலிகளில் கட்டியின் வளர்ச்சி 70% வரை குறைந்தது. கவனிக்க: வளர்ச்சி குறைந்தது. கட்டி மறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சென்னையில் படித்தவர் கண்டுபிடித்த வேறு பாதை

இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர் யமுனா கிருஷ்ணன். கேரளத்தின் பரப்பனங்காடியில் பிறந்தவர். சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வகம் நடத்தினார். 2014-ல் இருந்து சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 2013-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 2017-ல் இன்ஃபோசிஸ் விருது பெற்றவர்.

2009-ல் அவரது பெங்களூரு குழு, உயிருள்ள செல்லுக்குள் போய் அங்கே எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்று ஒளியால் சொல்லும் டிஎன்ஏ கருவியைச் செய்தது. அதே காலத்தில் 20 முகங்கள் கொண்ட டிஎன்ஏ கூண்டையும் செய்தார்கள். இரண்டு அரைக் கிண்ணங்களைச் சேர்த்து மூடி, நடுவில் பொருளை அடைப்பதுதான் அதன் முறை. அந்தக் குழுவில் இருந்த திரஜ் பாட்டியா இப்போது ஐஐடி காந்திநகரில் இதே துறையில் ஆய்வகம் நடத்துகிறார்.

புற்றுநோயில் முக்கியமான ஆய்வு 2021-ல் வந்தது. யமுனா கிருஷ்ணனும் சிகாகோவின் லெவ் பெக்கரும் சேர்ந்து 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் புற்றுநோய் செல்லைக் குறிவைக்கவே இல்லை!

கட்டிக்குள் புற்றுநோய் செல் மட்டும் இருப்பதில்லை. மேக்ரோபேஜ் என்ற, குப்பையை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்களும் ஏராளம். விழுங்கிய புற்றுநோய்த் துண்டை, "இவன்தான் எதிரி" என்று டி-செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. ஆனால் கட்டிக்குள் இருக்கும் மேக்ரோபேஜ்களில் லைசோசோம் என்ற அரவை அறை அளவுக்கு மீறி வேலை செய்கிறது. எல்லாவற்றையும் பொடியாக்கிவிடுவதால் டி-செல்லுக்குக் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. போலீஸிடம் காட்ட வேண்டிய தடயத்தைக் காவலாளியே எரித்துவிடுவது மாதிரி.

ரத்தத்தில் திரியும் டிஎன்ஏவை மேக்ரோபேஜ்கள் தாமாகவே பிடித்து விழுங்கி, நேராக அந்த அரவை அறைக்கு அனுப்பும். மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய தலைவலி. யமுனாவின் குழு இதையே முகவரியாக மாற்றியது. அரவையைக் குறைக்கும் ஈ-64 என்ற வேதிப்பொருளை டிஎன்ஏவில் கட்டி அனுப்பினார்கள். மேக்ரோபேஜ் விழுங்கியது, அரவை குறைந்தது, தடயம் மிஞ்சியது, டி-செல்கள் விழித்தன. எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

இதில் கீழக்கரை வீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத 'டிரிபிள் நெகட்டிவ்' மார்பகப் புற்றுநோய் எலிகளில், டிஎன்ஏ கருவியை சைக்ளோபாஸ்பமைடு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி சுருங்கியது, அந்தப் பலன் நீடித்தது. சைக்ளோபாஸ்பமைடு என்பது பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் சாதாரண கீமோ மருந்து. அதாவது, புதுத் தொழில்நுட்பம் அங்கே கீமோவைத் தள்ளிவிட்டு வரவில்லை. கீமோவோடு கைகோத்துத்தான் வந்தது.

எலிக்கு வேலை செய்தால் மனிதருக்கும் செய்யாதா?

இங்கேதான் வீடியோக்கள் மௌனமாகிவிடுகின்றன. நிஜமான தடைகள் 4.

1. ரத்தத்தில் கரைவது: டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் நம் ரத்தத்தில் உண்டு. வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் மெக்னீசியமும் ரத்தத்தில் குறைவு. பாதுகாப்புப் பூச்சு இல்லாத பெட்டி சீக்கிரமே பிரிந்துவிடும். பூச்சு போட்டால் தாங்கும், ஆனால் பூட்டு பழையபடி திறக்கிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

2. வழியில் பிடிபடுவது: நானோ துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டிவிடும். பல்வேறு நானோ மருந்துகள் பற்றி 10 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2016-ல் தொகுத்துப் பார்த்தது. ஊசி போட்ட அளவில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, நடுத்தரமாக 0.7% மட்டுமே. 1,000 துகள் அனுப்பினால் 7 போய்ச் சேருகிறது.

3. எலிக் கட்டி வேறு, மனிதக் கட்டி வேறு: ஆய்வகத்தில் எலிக்கு வைக்கும் கட்டி சில வாரங்களில் வேகமாக வளரும். அதன் ரத்தக்குழாயில் ஓட்டைகள் அதிகம், மருந்து சுலபமாக உள்ளே கசியும். மனிதரில் மெதுவாக வளர்ந்த கட்டி அப்படி இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறுபடும்.

4. விலையும் அளவும்: எலிக்கு மைக்ரோகிராம் கணக்கில் போதும். மனிதருக்கு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேண்டும். 2017-ல் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, பாக்டீரியாவையும் அதைத் தொற்றும் வைரஸையும் வைத்து இழைகளைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழியைக் காட்டியது. விலை குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் மருந்துத் தரத்தில், ஒவ்வொரு தொகுப்பும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பது வேறு சவால்.

மனிதர்களிடம் சோதனையே நடக்கவில்லையா?

நெருங்கிய உறவு முறையில் ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், நுண்ணிய தங்க உருண்டையின் மேல் ஆர்என்ஏ இழைகளை நெருக்கமாக நட்டு ஒரு மருந்தைச் செய்தது. மூளைப் புற்றுநோய் திரும்ப வந்த 8 பேருக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன் அதை ஊசியாகப் போட்டார்கள். பாதுகாப்பானதா என்று பார்ப்பதே நோக்கம். பெரிய பக்கவிளைவு இல்லை, மருந்து மூளைக் கட்டி வரை போய்ச் சேர்ந்தது என்று 2021-ல் முடிவுகள் வந்தன. இது மடித்த டிஎன்ஏ பெட்டி அல்ல என்றாலும், இழைகளால் ஆன நானோ மருந்தை மனித உடம்பு தாங்கும் என்பதற்கு ஒரு ஆரம்ப ஆதாரம்.

மடித்த டிஎன்ஏ பெட்டியில் புற்றுநோய் மருந்தை ஏற்றி, 'இது சிகிச்சை' என்று எந்த நாடும் இதுவரை அனுமதி கொடுக்கவில்லை. இனி விலங்குகளில் பாதுகாப்புச் சோதனை, பிறகு மனிதர்களில் 3 கட்டச் சோதனை என ஒவ்வொரு படியும் வருடக்கணக்கில் எடுக்கும். பாதியில் நின்றுபோகும் மருந்துகளே அதிகம்.

அப்படின்னா இப்போது என்ன செய்யலாம்?

நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். கீமோவுக்கு அட்டவணை போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சுற்றில் அடிபட்ட புற்றுநோய் செல்கள் மறுபடி எழுந்து பெருகும் முன் அடுத்த சுற்று விழ வேண்டும். 'புது மருந்து வரட்டும்' என்று இடைவெளி விட்டால், அந்த இடைவெளி கட்டிக்குத்தான் லாபம்.

பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்திக்கு, வாய்ப்புண்ணுக்கு, வெள்ளணு குறைவுக்குத் தனித்தனி மருந்துகள் உண்டு. அளவை மாற்றவும் முடியும். லைப்போசோமல் வகை பொருந்துமா என்றும் கேட்கலாம். அது எல்லா நோயாளிக்கும் ஏற்றதல்ல, முடிவு டாக்டருடையது.

காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். கீமோ நடக்கும் காலத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. மதுரை போக நேரமாகும் என்றால், முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது உடனே போக வேண்டும்.

'நானோ சிகிச்சை தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் உஷார். இந்தியாவில் எந்தப் புதிய மருந்தின் சோதனையும் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு எது, புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் எங்கே என்ற 3 கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். விவரங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

துபாயில் இருந்து மகன் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? டிஎன்ஏ பெட்டி நிஜம்தான், காக்கா. சென்னையில் படித்த ஒருவரே அதில் முன்னணியில் இருக்கிறார். ஆனால் இன்றைக்கு அது மனிதர்களுக்கான சிகிச்சையாக அனுமதி பெறவில்லை, அவரது எலி ஆய்விலும் கீமோவோடு சேர்ந்தபோதுதான் கட்டி சுருங்கிப் பலன் நீடித்தது. உம்மாவுக்கு அடுத்த சுற்று தேதி எப்போது என்று பாருங்கள். அதைத் தவறவிடாமல் இருப்பதுதான் இப்போதைக்குக் கையில் இருக்கும் மருந்து.